மேல் விறாந்தை ஒழுகுது – உங்களுக்கும் நடந்ததோ? (அனுபவப் பகிர்வு)

கோண்டாவில்_வாசி

மழை அடிச்சுக்கொண்டிருக்கு, கரண்ட் எப்ப போகுமெண்டு தெரியாது, அதாலை சுருக்கமாச் சொல்லுறன். மேலை திறந்த விறாந்தை விட்டுப் பிளேட் (கொங்கிறீற் தட்டுக் கூரை) போட்ட வீடு வச்சிருக்கிற ஆக்களுக்கு மிச்சம் விளங்கும்.

கட்டி மூண்டு மாரி. முதல் மாரி ஒரு சொட்டும் இல்லை. ரெண்டாவதிலை ஹோல் மூலையிலை கையகலத்துக்கு ஒரு ஈரத் திட்டு. கொந்திராத்துக்காரரைக் கூப்பிட்டன். வந்தவர் கீழை நிண்டபடி அண்ணாந்து பாத்திட்டு, "இது பூச்சு குடிச்ச ஈரம் அண்ணை, தை பிறக்கக் காஞ்சிடும், ஒரு பெயின்ற் அடிச்சுவிடுங்கோ" எண்டார். மேலை ஏறியும் பாக்கேல்லை. நானும் விசரன் மாதிரிப் பெயின்ற் அடிச்சன்.

போன கிழமை, சாமம் ரெண்டு மணி இருக்கும். தண்ணி குடிக்க எழும்பி ஹோல் லைற்றைப் போட்டன். மேலை கிண்ணம் மாதிரிக் கண்ணாடி மூடி போட்ட லைற். அதுக்குள்ளை முக்கால்வாசிக்குத் தண்ணி. பல்ப் எரியுது, தண்ணி மினுங்குது, ரெண்டு ஈசல் அதுக்குள்ளை நீந்துது. கேணியடிச் சுவரிலை மத்தியான வெயில் நெளியுமே, அதுமாதிரி சீலிங் முழுக்க வெளிச்சம் ஆடுது. பாக்க வடிவாயும் இருந்தது, அதுதான் இப்பவும் ஆத்திரம். மனிசி பின்னாலை வந்து "சுவிச்சிலை கை வையாதேங்கோ" எண்டு கத்தினாப் பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. மெயினை நிப்பாட்டிப்போட்டு, வாளியை வச்சுக்கொண்டு விடியுமட்டும் இருட்டுக்குள்ளை சொட்டு எண்ணினம்.

கொந்திராத்துக்காரர் இப்ப போன் எடுக்கிறேல்லை. விடிய மேலை ஏறிப் பாத்தால் ஒரு மூலையிலை கணுக்கால் நனையத் தண்ணி நிக்குது. அரைச்சுவரிலை தண்ணி போக வச்ச பைப்பாலை நூல்மாதிரித்தான் ஒழுகுது. ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

சுன்னாகம்_ரீச்சர்

எங்கடையிலை தண்ணி வந்தது மேலையிருந்து இல்லை, கதவாலை. பல்கனிக்கு ரைல்ஸ் பதிக்க வந்தவை பழைய தரையைக் கிண்டாமல் அதுக்கு மேலையே சாந்தைப் போட்டு ஒட்டிப்போட்டினம். பல்கனி அறையைவிட ஒரு இஞ்சி உயர்ந்திட்டுது. ஒரு இஞ்சிதானே எண்டு நாங்களும் பேசாமல் இருந்தம்.

புரெவி வந்த 2020 மார்கழியிலை அந்த ஒரு இஞ்சி ஆரெண்டு காட்டிச்சுது. விடிய எழும்பினால் மகளின்ரை ஏ.எல். நோட்ஸ் கொப்பியள் கட்டிலுக்குக் கீழை மிதக்குது. இரசாயனவியல் கொப்பியின்ரை நீல மை தரையெல்லாம் இறங்கிக் கிடக்கு. பிள்ளை அழேல்லை. நிலத்திலை இருந்து ஒவ்வொரு தாளாப் பிரிச்சு, பழைய சீலைத்துண்டை மேலை விரிச்சு, அயன்பொக்ஸாலை மினுக்கிக் காய வச்சாள். அந்த ஈரத்தாள் மணம் இண்டைக்கும் எனக்கு மூக்கிலை நிக்குது.

மேசன் பாஸ் வந்து செய்த திருத்தம், வாசலுக்குக் குறுக்கை ரெண்டு இஞ்சியிலை ஒரு சீமெந்துக் கட்டு. தண்ணி நிண்டிட்டுது. மாமிதான் அதிலை தடக்கி விழுந்து மணிக்கட்டை முறிச்சவ.

குடத்தனைப்_பெடியன்

எல்லாரும் சரிவையும் ஓட்டையையும் கதைக்கிறியள். மணலை ஆரும் கதைக்கிறியளில்லை.

சித்தப்பா பிரான்சிலையிருந்து காசு அனுப்ப, நான் நிண்டு கட்டுவிச்ச வீடு. 2014. இரவோடிரவா லொறியிலை மணல் பறிச்சாங்கள். நல்ல வெள்ளை, சீனி மாதிரிப் பொடி. விடிய, பக்கத்து வளவு அப்பு வேலியடியிலை நிண்டு பாத்திட்டு உள்ளை வந்தார். எண்பது வயசு இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கிலை வச்சார். துப்பினார். "தம்பி, உதைக் கறிக்குப் போடலாம்" எண்டுபோட்டுப் போயிட்டார்.

நாங்கள் எல்லாரும் சிரிச்சம். மேசன் சிரிச்சார், நானும் சிரிச்சன். "கழுவித்தானே போடப்போறம்" எண்டார். ஆர் கழுவினது? ஒருத்தருமில்லை.

ஏழு வருசத்திலை மேல் விறாந்தையின்ரை அடிப்பக்கம் வயிறு ஊதினமாதிரி வீங்கிச்சுது. ஒருநாள் ஒரு பாளம் கழண்டு மோட்டச்சைக்கிள் சீற்றிலை விழுந்தது. அண்ணாந்து பாத்தால் கம்பி தெரியுது, தொட்டால் கறள் தோல் தோலாக் கழருது. உப்பு கம்பியைத் தின்னும், கறள் இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேலை இடம் பிடிக்கும், அது கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கும். இதெல்லாம் பிறகு நான் வாசிச்சு அறிஞ்சது. அப்பு வாசிக்கேல்லை, துப்பினார். அவர் செத்தும் போனார். சித்தப்பா வீடியோக் கோலிலை அந்த உடைஞ்ச இடத்தைக் காட்டச் சொல்லேக்கை எனக்கு அந்தத் துப்பல் சத்தம்தான் கேக்கும்.

பழைய_கல்வீடு

அதுதான் சொல்லுறது. எங்கடை பெரியாக்கள் கட்டின நாற்சார் வீட்டிலை இந்த அரியண்டம் இருந்ததோ? சுண்ணாம்புச் சாந்து, பனஞ்சிலாகை, ஓடு, நடுவிலை முத்தம். மழை பீலியாலை இறங்கி முத்தத்திலை விழுந்து வாய்க்காலாலை தன்ரை பாட்டிலை போகும். இப்ப எல்லாருக்கும் மேலை ஏறி நிண்டு றோட்டைப் பாக்கவேணும். யாழ்ப்பாணத்து மாரிக்குத் தட்டைக் கூரை ஒத்துவராது. என்ரை அனுபவம் இவ்வளவுதான்.

சுன்னாகம்_ரீச்சர்

ஐயா, நானும் நாற்சார் வீட்டிலை பிறந்தனான்தான். மாங்காய் விழுந்து உடைஞ்ச ஓட்டுக்குக் கீழை எத்தினை சட்டி பானை வச்சிருப்பம்! ஒவ்வொரு கோடையும் ஓடு மாத்த ஆள் பிடிக்க எங்கடை அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒழுகேல்லை எண்டு சொல்லாதேங்கோ. ஒழுகினது. எந்த ஓடெண்டு கண்ணாலை கண்டு, அந்த ஓட்டை மட்டும் மாத்தினால் முடிஞ்சுது, அவ்வளவுதான் வித்தியாசம். பிளேட்டிலை தண்ணி ஒரு இடத்தாலை இறங்கி, கம்பியோடை ஓடி, வேறை இடத்திலை சொட்டும்.

மானிப்பாய்_மேசன்

மேசனுக்கு எல்லாரும் அடிக்கிறியள். ஒரு மேசனும் எழுதட்டும்.

2022 பங்குனி. ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்தக் கிழமை. ஒரு வீட்டுக்கு மேல் பிளேட் போட்டம். போட்ட அடுத்தநாள் விடிய சுத்திவர மண் வரம்பு கட்டி, தண்ணி நிரப்பிக் குடுத்தன். வீட்டுக்கார அக்காட்டைச் சொன்னன், குறைஞ்சது ஏழு நாள் காயவிடாதேங்கோ, பத்து நாள் எண்டால் இன்னும் நல்லம். தலையாட்டினவ.

மூண்டாம் நாள் பின்னேரம் அந்தப் பக்கத்தாலை வரேக்கை ஏறிப் பாத்தன். காஞ்சு கிடக்கு. உள்ளங்கையை வச்சன், வைக்க ஏலாது, தோசைக்கல்லு. கையை எடுத்தால் அந்த இடத்திலை வலைமாதிரி மயிர்வெடிப்பு. கரண்ட் இல்லை, மோட்டர் போடேல்லை, எண்டவ. கிணறு இருக்கு, கப்பி இருக்கு, வாளி இருக்கு. நான் தனிய அள்ளினன். அம்பதுக்குப் பிறகு எண்ணுறதை விட்டிட்டன். அக்கா கீழை நிண்டு, "ஏன் தம்பி சும்மா கொண்டுபோய்த் தண்ணியைக் கொட்டுறீர்" எண்டு கேட்டவ. அடுத்த மாரி ஒழுகிச்சுது. ஊரெல்லாம் என்ரை பேர்தான் நாறிச்சுது.

இன்னொண்டு. மூண்டு பேரிட்டை விலை கேட்டு ஆகக் குறைச்சவனைப் பிடிக்கிறியள். அவன் எங்கை பிடிப்பான்? சீமெந்திலை பிடிப்பான். இல்லாட்டித் தண்ணியைக் கூட ஊத்திச் சாந்தை இளக்கி, ஆள்க்கூலியிலை பிடிப்பான். ஒரு பை சீமெந்துக்கு 25 லீற்றருக்கு மேலை தண்ணி போகக்கூடாது, மணல் ஈரமெண்டால் இன்னும் குறையவேணும். அண்டைக்கு நிண்டு பாத்த வீட்டுக்காரர் எத்தினை பேர்? எல்லாரும் பால்ரொட்டி குடுக்கத்தான் நிண்டவை.

கோண்டாவில் அண்ணை, அந்தப் பைப்புக்குள்ளை ஒரு தடியை விட்டுப் பாருங்கோ. பூசேக்கை சாந்து உள்ளை போகாமல் சீமெந்துப் பேப்பரைக் கசக்கி அடைப்பம். எடுக்க மறந்துபோறவையும் இருக்கினம். நான் மறக்கிறேல்லை.

ஸ்காபுறோ_அண்ணை

இஞ்சை கனடாவிலை, வெள்ளைக்காரன்ரை நாட்டிலை எல்லாம் ஒழுங்கெண்டு நினைக்காதேங்கோ. எங்கடை வீட்டுக்குப் பின்னாலை மரத்திலை டெக் (திறந்த விறாந்தை மாதிரிப் பலகை மேடை) அடிச்சவர் எங்கடை ஆள்தான், கோயிலிலை கண்ட பழக்கம். நிலத்திலையிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேலை உயர்ந்த டெக்குக்கு நகரசபையிட்டைப் பெர்மிற் எடுக்கவேணும். "அண்ணை, அது வீண் செலவு" எண்டார். மிச்சப்படுத்தினம்.

டெக்கை வீட்டுச் சுவரோடை சேர்த்துப் போல்ற் அடிச்சுப் பிடிக்கிற பெரிய பலகை ஒண்டு இருக்கு, லெட்ஜர் எண்டுறது. அதுக்கு மேலை தகடு மடிச்சுச் சுவருக்குள்ளை ஏத்தவேணும், இல்லாட்டி மழையும் உருகின ஸ்னோவும் பலகைக்கும் சுவருக்கும் இடையிலை நிண்டுடும். அவர் தகடு வைக்காமல் சிலிக்கன் பூசினவர். அஞ்சாம் வருசம் மகளின்ரை பிறந்தநாளுக்கு முதல்நாள், ஏதோ ஐமிச்சத்திலை ஸ்குறூட்றைவராலை அந்தப் பலகையைக் குத்தினன். பிடிமட்டும் போச்சுது. புட்டுக்குள்ளை கரண்டி போனமாதிரி, ஒரு சத்தமும் இல்லை. அடுத்தநாள் அதுக்கு மேலை முப்பது பேர் நிண்டு கேக் வெட்டுறதாய் இருந்தது. கேக்கை பேஸ்மென்ரிலை வெட்டினம். ஏனெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வெக்கம்.

ஓய்வுபெற்ற_ரீ.ஓ

நான் ஓய்வுபெற்ற ரீ.ஓ, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர். என் வீட்டில் ஒருமுறை மட்டும் கசிந்தது, அன்றே திருத்திவிட்டேன். எல்லோருக்கும் பயன்படுமென்பதால் சில விடயங்களைச் சொல்கிறேன்.

திறந்த விறாந்தைக்கு 100க்கு 1 சரிவாவது வேண்டும், அதாவது 10 அடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் மட்டில். கண்மட்டத்தில் வைக்கக்கூடாது, ரியூப்பில் தண்ணீர் விட்டுப் பிடிக்கவேண்டும். மேசன் தம்பி ஈரம் காக்கச் சொன்னது சரி. ஆனால் மயிர்வெடிப்பு விழுந்தபின் அவர் அள்ளி ஊற்றிய தண்ணீர் அந்த வெடிப்பை மூடாது, அதை அவர் அன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கவேண்டும். ரைல்ஸ் பதிக்குமுன் பைப் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணித்தியாலம் விட்டுக் கீழே பாருங்கள். அதற்குப் பிறகுதான் கடைசிக் காசு கொடுக்கவேண்டும். நீர்காப்புப் பூச்சு தரையோடு நிற்கக்கூடாது, அரைச்சுவரிலும் ஓரடி ஏறவேண்டும், மூலையைச் சாந்தால் வளைத்துப் பூசியபின் அடிக்கவேண்டும். பெரும்பாலான கசிவு நடுத்தரையில் வருவதில்லை, சுவரும் தரையும் சேரும் மூலையிலும் பைப் வாயைச் சுற்றியுந்தான் வரும். ரைல்ஸுக்குக் கீழே அடிக்காமல் மேலே பளபளவென்று ஒன்றைப் பூசிவிட்டுப் பத்து வருடம் என்பார்கள், நம்பவேண்டாம். குடத்தனைத் தம்பி, கறள் பிடித்த கம்பிக்கு மேல் பூசி மூடினால் உள்ளே தின்பது நிற்காது. தளர்ந்த கொங்கிறீற்றை உடைத்து, கம்பியின் பின்பக்கமும் தெரியக் கொத்தி, துலக்கி, பிறகே திருத்தவேண்டும். கம்பி நாலிலொரு பங்கு தேய்ந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்கவேண்டும். அதுவரை கீழே மோட்டார் சைக்கிள் மட்டுமல்ல, ஆட்களையும் விடாதீர்கள். மேலும் அரைச்சுவரின் தலைக்கு உள்பக்கமாகச் சரிவு...

குடத்தனைப்_பெடியன்

ஐயா, ஆரும் கேக்கேல்லை. எண்டாலும் அந்தக் கம்பி விசயத்தைக் குறிச்சுக்கொண்டன்.

மானிப்பாய்_மேசன்

ரீ.ஓ ஐயா, சொன்னனான். வெடிச்சிட்டுது அக்கா, இனிப் பூச்சு அடிக்கவேணும், காசு கூடும் எண்டு அண்டைக்கே சொன்னனான். சீமெந்து விலை ஏறிக்கொண்டு போன நேரம், காசு பிடுங்கப் பாக்கிறன் எண்டு நினைச்சவ. அதை முதலே எழுதியிருக்கவேணும்.

கோண்டாவில்_வாசி

மழை கொஞ்சம் விட்டுது. குடையைப் பிடிச்சுக்கொண்டு மேலை போனன். பூவரசந் தடி ஒண்டை வெட்டிப் பைப்புக்குள்ளை விட்டன். முதல் போகேல்லை. ஒரு முழம் போய் எதிலையோ முட்டிச்சுது. மனிசி டோர்ச் அடிக்க, வளைச்சுக் கொழுவி இழுத்தன். மேசன் தம்பி, பேப்பர்தான். சீமெந்துப் பை, நாலா மடிச்சபடி, கல்லாய் இறுகி. அதோடை ஒரு பீடிக் கட்டும் வந்தது.

தண்ணி புகுபுகெண்டு போச்சுது. நானும் மனிசியும் அதைப் பாத்துக்கொண்டு நனைஞ்சபடி நிண்டம். ஆனால் மற்ற மூலையிலை நிக்கிற தண்ணி அசையேல்லை, அது பைப்பைவிடப் பள்ளத்திலை கிடக்கு. தும்புத்தடியாலை இந்தப் பக்கம் தள்ளிவிட்டிட்டு வந்திருக்கிறன். கீழை இன்னும் சொட்டுது, எண்டாலும் வாளிக்கு மணித்தியாலக் கணக்கு எடுக்குது.

பேப்பரைக் காய வச்சிருக்கிறன். கொந்திராத்துக்காரர் போன் எடுத்தால் காட்டவேணும்.

பழைய_கல்வீடு

பீலியெண்டால் ஏணியை வச்சு ஒருக்காப் பாத்தால் போதும்.

சுன்னாகம்_ரீச்சர்

ஐயா!