ஒரே பாத்திரத்தில் கோழியும் உருளையும்: கறி சக்கையாகிறது, கிழங்கு வேகவில்லை, எங்கே தவறு?

புதுஅடுப்பு:

இரவுச் சாப்பாட்டுக்குக் காரமோ மசாலாவோ அதிகமில்லாமல், சாற்றோடு கூடிய ஒரு கோழி உணவு வேண்டும். சோற்றோடும் சாப்பிடலாம், ரொட்டியோடும் சாப்பிடலாம் என்கிற மாதிரி. இப்போது செய்யும் முறை இது, 4 பேருக்கு:

எலும்பும் தோலும் இல்லாத நெஞ்சுக்கறி 800 கிராம், உருளைக்கிழங்கு 500 கிராம் (பாதியாக நறுக்கியது), கேரட் 2, வெங்காயம் 2, பூண்டு 6 பல், ஒரு முழு எலுமிச்சையின் சாறு, மிளகுத்தூள், தண்ணீர் 1 லிட்டர். வெங்காயம், பூண்டை எண்ணெயில் வதக்கி, கழுவிய கறியைப் போட்டுப் புரட்டி, மீதி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மூடி, நடுத்தரத் தீயில் 40 நிமிடம்.

கறி நார்நாராக, வாயில் சக்கை மாதிரி. கிழங்கு நடுவில் கட்டியாக நிற்கிறது. இன்னும் 15 நிமிடம் விட்டால் கிழங்கு வெந்துவிடும், கறி அதைவிட மோசமாகும். சாறு வெறும் தண்ணீர். தோலோடு தொடைக்கறி போட்டால் கறி பரவாயில்லை, ஆனால் தோல் ரப்பராக இருக்கிறது, எலும்போரம் சிவப்பாகத் தெரிகிறது. எதை மாற்றினால் எது சரியாகும்?

அகப்பை:

நீங்க சொன்ன குறைகளில் பாதிக்கு மேல் தண்ணீரால் வந்தவை. கறியின் மேல் தண்ணீர், பாத்திரத்தில் தேவைக்கு இரண்டு மடங்கு தண்ணீர், அது தளதளவென்று கொதிப்பது. இந்த மூன்றையும் சரிசெய்தால் மீதி எளிது.

முதலில் கறி. இந்த வகைச் சமையலுக்கு எலும்பும் தோலும் உள்ள தொடைதான். நெஞ்சுக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு, 40 நிமிடம் கொதித்தால் உள்ளிருக்கும் ஈரத்தை எல்லாம் பிழிந்து வெளியே விட்டுவிடும். தொடை அப்படியல்ல. அதிலுள்ள இணைப்புத் திசு மெதுவான சூட்டில் கரைந்து பசையாகிக் கறியையும் மிருதுவாக்கும், சாற்றுக்கும் கனம் கொடுக்கும்.

8 தொடைத்துண்டு, சுமார் 1.2 கிலோ. உப்பு கறியின் எடையில் 1 சதவீதம், அதாவது 12 கிராம், தூள் உப்பு என்றால் தலைதட்டி 2 டீஸ்பூன். கல் உப்பு கரண்டிக்குக் கரண்டி மாறும், எடை போடுங்க. சமைப்பதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பாவது தடவி வையுங்க. முந்தைய இரவே தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னும் நல்லது. தடவிப் 10, 15 நிமிடத்தில் கறி நீர்விடும், அந்த நேரத்தில் அடுப்பில் போடுவதுதான் மோசம். ஒன்று தடவிய கையோடு போடணும், இல்லை அந்த நீர் திரும்ப உள்ளே போகும் வரை பொறுக்கணும்.

கழுவாதீங்க. கழுவுவதால் கிருமி போகாது, சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் எல்லாம் நீர்த்துளியோடு தொட்டியிலும் மேடையிலும் தெறிக்கும். கொல்வது சூடுதான். காகிதத்துண்டால் ஒற்றி ஒற்றி உலர்த்துங்க. ஈரம் இருக்கும் வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, சிவக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈரக் கறி வதங்காது, வேகும். அதனால்தான் உங்க சாற்றில் நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடிகனமான, அகலமான பாத்திரத்தில் 1 டீஸ்பூன் எண்ணெய் போதும். பாத்திரம் சூடாவதற்கு முன்பே தோல் கீழே இருக்கும்படி துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, அதற்குப் பிறகு அடுப்பைப் பற்ற வையுங்க. குறைந்த நடுத்தரத் தீ, 12 முதல் 15 நிமிடம், தொடவே கூடாது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மெதுவாக உருகி, அந்தக் கொழுப்பிலேயே தோல் பொரியும். சூடான பாத்திரத்தில் போட்டால் தோல் கருகிவிடும், கொழுப்பு உள்ளேயே நிற்கும், நீங்க சொல்லும் ரப்பர் அதுதான். புரட்டப் போகும்போது ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இன்னும் சிவக்கவில்லை என்று அர்த்தம். 2 நிமிடம் விடுங்க, தானாக விட்டுக்கொடுக்கும். 8 துண்டும் ஒரே தடவையில் கொள்ளாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யுங்க. நெருக்கி அடுக்கினால் ஆவியிலேயே வெந்துவிடும். மறுபக்கம் 3 நிமிடம், பிறகு தட்டில் எடுத்து வையுங்க.

பாத்திரத்தில் கொழுப்பு நிறைய இருக்கும், 2 டேபிள்ஸ்பூன் விட்டுவிட்டு மீதியை ஊற்றி எடுத்துடுங்க. 2 வெங்காயம் நீளமாக, ஒரு சிட்டிகை உப்போடு 8, 10 நிமிடம். பூண்டு அதற்குப் பிறகுதான், 1 நிமிடம். வெங்காயத்தோடு சேர்த்துப் போட்டால் வெங்காயம் பதமாகும் முன் பூண்டு கருகிக் கசக்கும். 1 டேபிள்ஸ்பூன் மைதாவைத் தூவி 2 நிமிடம் பச்சை வாசம் போக வதக்குங்க. இப்போது தண்ணீர் 400 மில்லி, 1 லிட்டர் அல்ல. முதலில் அரைக் கப் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்க. அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்பில்தான் சுவை முழுக்க இருக்கு. கருப்பாகக் கருகியிருந்தால் மட்டும் சுரண்டக் கூடாது, பாத்திரத்தை மாற்றிடுங்க.

மீதித் தண்ணீர், 3 சென்டிமீட்டர் துண்டாக நறுக்கிய உருளை, கேரட், ஒரு பிரிஞ்சி இலை, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு 1 டீஸ்பூன், காய்க்கு மட்டும் அரை டீஸ்பூன் உப்பு. கொதித்ததும் மூடி 10 நிமிடம் கிழங்கு மட்டும் வேகட்டும். அதற்குப் பிறகு தொடைகளைத் தோல் மேலே பார்க்க அடுக்குங்க, தட்டில் ஊறிய சாற்றையும் ஊற்றிடுங்க. சாறு கறியின் பாதி உயரம்தான் வரணும், தோல் நனையக் கூடாது. சிறு தீ, மூடி லேசாகத் திறந்து 25 நிமிடம், முழுக்கத் திறந்து 10 நிமிடம். ஓரத்தில் அங்கங்கே ஒரு குமிழி வரும், அவ்வளவு கொதி போதும்.

ஓவன் இருந்தால் கடைசிக் கட்டத்துக்கு மூடாமல் 190 டிகிரியில் 35 நிமிடம். அதில் தோல் மொறுமொறுப்பாகவே நிற்கும்.

இளஞ்சூடு:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கிழங்கு வேகாததற்கான காரணம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. எலுமிச்சை. புளிப்பு இருக்கும் நீரில் காய்கறியின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது, அதனால் கிழங்கும் வெங்காயமும் வெகுநேரம் விறைப்பாகவே இருக்கும். தக்காளி சேர்த்தாலும் இதே கதைதான். கிழங்கு மசிகிற பதம் வந்த பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு 1 டேபிள்ஸ்பூன் சாறு பிழியுங்கள். மணமும் அப்போதுதான் நிற்கும். பாதியாக நறுக்கிய கிழங்கும் பெரிது, 3 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

எலும்போரச் சிவப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். இளங்கோழியின் எலும்பு முற்றாதது, அதன் மஜ்ஜையிலுள்ள நிறமி கசிந்து பக்கத்துக் கறியைச் சிவக்க வைக்கும். முழுதாக வெந்த கறியிலும் இது தெரியும். அதேபோல, வெளுத்துவிட்டது என்பதாலேயே கறி வெந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நம்ப வேண்டியது வெப்பநிலையைத்தான்: மிகத் தடித்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டரின் முனை எலும்பில் படக் கூடாது, பட்டால் அளவு தவறும்.

74 டிகிரி பாதுகாப்புக்கான அளவு. தொடையின் சுவைக்கு அது போதாது. அந்தச் சூட்டில் தொடை வெந்திருக்கும், ஆனால் கடிக்கும்போது இழுக்கும். 85 முதல் 90 டிகிரி வரை மெதுவாக ஏறவிட்டால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். நெஞ்சுக்கறிக்கு நேர்மாறு: 74 தொட்டதும் எடுத்துவிட வேண்டும். ஒரே பாத்திரத்தில் இரண்டையும் போட்டு ஒரே நேரத்தில் இறக்கினால் ஏதாவது ஒன்று கெடும். நெஞ்சுக்கறிதான் இருக்கிறது என்றால், நறுக்காமல் முழுத்துண்டாக, கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகு சாற்றுக்குள் அமிழ்த்துங்கள். 200 கிராம் துண்டுக்குக் குமிழி வராத இளங்கொதியில் 12 முதல் 15 நிமிடம். வெளியே எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்காக வெட்டிச் சாற்றில் சேருங்கள். மறுபடி கொதிக்கவிட வேண்டாம்.

மண்சட்டி:

ஓவன் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுப்பில் மூடிபோட்டு வேகவைக்கும் சமையலில் தோல் மொறுமொறுப்பாக நிற்காது. எவ்வளவு நன்றாக வறுத்திருந்தாலும் 25 நிமிட ஆவியில் இளகிவிடும். கடைசி 10 நிமிடம் மூடியைத் திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் வராது. அகப்பை சொன்ன முறையில் தோல் ரப்பராக இருக்காது, மென்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

மொறுமொறுப்பு வேண்டுமென்றால் தோலைத் தனியாக உரித்துவிடுங்கள். குளிர்ந்த வாணலியில் தட்டையாகப் பரப்பி, மேலே ஒரு கனமான தட்டை வைத்து, சிறு தீயில் 15 நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்பவும். அப்பளம் போல ஆகிவிடும். உப்புத் தூவி, பரிமாறும்போது மேலே நொறுக்கிப் போடலாம். அதில் உருகிய கொழுப்பிலேயே உரித்த தொடைகளையும் வெங்காயத்தையும் சிவக்க வையுங்கள். சட்டியில் கொழுப்பு மிதக்காது.

மைதாவும் எனக்கு அவசியமாகப் படவில்லை. வெந்த கிழங்கில் நாலைந்து துண்டை எடுத்து மசித்துச் சாற்றிலேயே கலந்துவிட்டால் கெட்டிப்படும், மாவு வாடையும் இருக்காது. இறக்கும்போது 20 கிராம் வெண்ணெய். வெண்ணெயைப் போட்டபின் கொதிக்கவிட்டால் எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கும், எனவே அணைத்துவிட்டுச் சுழற்றுங்கள்.

புதுஅடுப்பு:

எல்லாருக்கும் நன்றி. மூன்று சந்தேகம் மிச்சமிருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லை. நேரம் இல்லாத நாளில் குக்கரில் செய்யலாமா? ஃப்ரீசரில் இருக்கும் கறியை அப்படியே போடலாமா?

அகப்பை:

தெர்மாமீட்டர் இல்லையென்றால் தொடையே நல்லது, தப்பு நடக்க இடம் குறைவு. சாற்றில் 35 நிமிடம் வெந்த தொடை 74 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். எலும்பைப் பிடித்துத் திருகினால் கறியிலிருந்து கழலணும், கத்திமுனை தடையில்லாமல் இறங்கணும். இழுத்தால் இன்னும் 10 நிமிடம் விடுங்க. கூடுதலாக வெந்தால் தொடை கெடாது. வழியும் நீர் தெளிவாக இருக்கா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க, அது ஏமாற்றும்.

குக்கரில் செய்யலாம். ஆனால் வதக்கும் வேலையைத் தவிர்க்காதீங்க, குக்கர் மிச்சப்படுத்துவது பின்பாதி நேரத்தை மட்டும்தான். ஆவி வெளியேறுவது குறைவு என்பதால் தண்ணீர் 200 மில்லி போதும். மிகச் சிறிய அளவு உங்க குக்கருக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் இருக்கும், அதற்குக் கீழே போகாதீங்க. மைதா முதலில் போடக் கூடாது, அடிபிடிக்கும். கிழங்கை 5 சென்டிமீட்டர் பெரிய துண்டாக நறுக்குங்க, சின்னதாக இருந்தால் கரைந்துவிடும். முழு அழுத்தம் வந்ததிலிருந்து 8 முதல் 10 நிமிடம். அணைத்துவிட்டு 10 நிமிடம் ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஒரேயடியாக ஆவியை விட்டால் உள்ளே சாறு திடீரென்று பொங்கிக் கொதித்துக் கறி விறைக்கும். திறந்தபின் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, கிழங்கை மசித்துக் கெட்டியாக்குங்க.

இளஞ்சூடு:

உறைந்த கறியை அப்படியே வாணலியில் போட வேண்டாம். வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக நிற்கும், நீர் விட்டுக்கொண்டே இருப்பதால் சிவக்கவும் செய்யாது. முதல் நாள் இரவே ஒரு தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். ஒன்றோடொன்று ஒட்டி உறைந்த 1 கிலோவுக்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். அவசரமென்றால் நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். 1 முதல் 2 மணி நேரத்தில் இளகும், இளகியதும் சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் வெளியே வைத்து இளகவிடுவது ஆபத்து: நடுப்பகுதி உறைந்திருக்கும்போதே மேற்பரப்பில் கிருமிகள் பெருகத் தொடங்கும். உறைந்து இளகிய கறி அதிகம் நீர்விடும், ஆகவே ஒற்றி உலர்த்தும் வேலையை இருமுறை செய்யுங்கள்.

மீந்ததை 2 மணி நேரத்துக்குள், ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். 3, 4 நாள் தாங்கும். மறுநாள் திறந்தால் சாறு ஜெல்லி போல இறுகியிருக்கும். கெட்டுப்போகவில்லை. தொடையிலிருந்து கரைந்த பசைதான் அது, சூடு பட்டதும் இளகிவிடும். தேவையான அளவை மட்டும் எடுத்து, 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, சிறு தீயில் ஆவி பறக்கும் வரை சுடவையுங்கள். ஃப்ரீசரில் வைப்பதானால் கிழங்கை எடுத்துவிட்டு வையுங்கள். உறைந்து இளகிய கிழங்கு மணல்மணலாகிவிடும்.

மண்சட்டி:

சூடாக்கும்போது எலுமிச்சையை மறுபடி நாலு சொட்டு பிழியவும். முதல் நாள் பிழிந்ததன் மணம் போயிருக்கும்.