ரெண்டும் ஸ்ட்ராட், விலை மட்டும் டபுள். எதை எடுக்கறது? (அவசரம்)

மணல்மேடு79
ரெண்டு எலக்ட்ரிக் கிடார் பாத்து வச்சிருக்கேன். ரெண்டும் ஸ்குவையர் (ஃபெண்டர் கம்பெனியோட மலிவு பிராண்டு), ரெண்டும் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கற மாடல்). பாக்க ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு, ஆனா ஒண்ணோட விலை இன்னொண்ணுக்கு டபுள். கடையில கேட்டா "சவுண்டுல தெரியும் சார்"னு மட்டும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமையோட தள்ளுபடி முடியுது. எதை எடுக்கலாம்?

ஆறுகம்பி
எந்த ரெண்டு ப்ரோ? ஸ்குவையர்லயே சோனிக், அஃபினிட்டி, கிளாசிக் வைப்னு படிப்படியா இருக்கு. மாடல் பேரைச் சொல்லாம எப்படிச் சொல்றது?

வல்வை_தந்தி
ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கிற பெட்டி) வச்சிருக்கிறீங்களோ? முதல் கிடாரோ? என்ன மாதிரிப் பாட்டு வாசிக்கப் போறீங்கள்?

பழைய_பிக்
தம்பி, மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடுற பெட்டி மேலேயே இருக்கு. 1954லேர்ந்து ஸ்ட்ராட் இருக்கு, ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமும் இருக்கும். முதல்ல நாலு இழை படிச்சுட்டு வாங்க.

மணல்மேடு79
ஒண்ணு அஃபினிட்டி. இன்னொண்ணு கிளாசிக் வைப், 50ஸ்னு போட்டிருக்கு. ஆம்ப் தனியா வாங்கணுமா? வீட்ல ஹோம் தியேட்டர் இருக்கு, அதுல செருகிக்கலாம்னு இருந்தேன்.

ஈயப்பொடி
வேணாம், வேணாம். கிடார் பிக்கப்ல (கம்பி அதிர்வை மின் சிக்னலா மாத்தற பாகம்) இருந்து வர்ற சிக்னல் ரொம்ப மெலிசு, அதோட ஹை இம்பீடன்ஸ், அதாவது மின்தடை ஜாஸ்தி. அதை வாங்கிக்கற இடத்துல தடை ஒரு மெகா ஓம் அளவுக்கு இருக்கணும். ஹோம் தியேட்டர்ல அதுல சின்னப் பங்குதான் இருக்கும். அதுல செருகினா மேல் ஸ்தாயி எல்லாம் செத்துப் போயி, போர்வைக்குள்ள வாசிக்கற மாதிரி கேக்கும். அப்புறம் கிடார் சரியில்லைன்னு இங்கயே வந்து திட்டுவீங்க.

என் கணக்கு இதுதான்: அஃபினிட்டி எடுங்க, மிச்சக் காசுல சின்னதா ஒரு ப்ராக்டிஸ் ஆம்ப் எடுங்க. டபுள் விலை கிடாரை ஹோம் தியேட்டர்ல செருகறதைவிட அது நூறு மடங்கு மேல்.

ஆறுகம்பி
ஆம்ப் விஷயம் சரி. ஆனா டபுள் விலை சும்மா இல்ல. அஃபினிட்டில செராமிக் காந்த பிக்கப், கிளாசிக் வைப்ல அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்). செராமிக் கொஞ்சம் கூர்மையா குத்தும், அல்நிகோ உருண்டையா வரும். உடம்பும் வேற: அஃபினிட்டில பாப்லர் மரம், கிளாசிக் வைப் 50ஸ்ல பைன். மரம் மாறினா நாதம் மாறும்.

ஈயப்பொடி
பிக்கப்பை ஒத்துக்கறேன். மரத்தை இழுக்காதீங்க. பிக்கப்ங்கறது காந்தத்தைச் சுத்தின செப்புக் கம்பிச் சுருள். இரும்புக் கம்பி அதிர்றதுதான் அதுக்குத் தெரியும், பைன் வாசனை தெரியாது.

ஆறுகம்பி
அப்போ தஞ்சாவூர்ல வீணைக்குப் பலா மரம் தேடி அலையறவங்க எல்லாம் முட்டாளா?

ஈயப்பொடி
வீணைக்குக் குடம் இருக்கு, உள்ள காலி, பலகை அதிர்ந்து காத்தை அசைக்குது. சாலிட் பாடி கிடார்ல குடம் எங்க இருக்கு? காட்டுங்க, பாப்போம்.

பழைய_பிக்
ரெண்டு பேரும் பாதி பாதி தெரிஞ்சுட்டுப் பேசறீங்க. ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பிச்ச லியோ ஃபெண்டரோட முதல் கிடார் மாதிரிகளே பைன்தான். ஸ்ட்ராட் முதல்ல ஆஷ், 56 வாக்குல ஆல்டர். கிடைச்ச மரத்துல செஞ்சாரு மனுஷன். நாதத்துக்காகத் தவம் இருந்தாருன்னு கதை கட்ட வேண்டாம்.

ஆறுகம்பி
அதைத்தானே நானும் சொல்றேன், பைன் வரலாற்று மரம்!

பழைய_பிக்
நான் சொன்னதுக்கு நேர் எதிரா புரிஞ்சுக்கறதுல உங்களுக்கு ஒரு திறமை இருக்கு.

வல்வை_தந்தி
வீணைக்கு வேற இழை திறவுங்கோ. கேட்டவர் ஆளையே காணேல்லை.

நான் ரண்டு வருசம் அஃபினிட்டி வச்சிருந்தனான், பிறகு கிளாசிக் வைப்புக்கு மாறினனான். ஒருத்தரும் சொல்லாத ஒண்டு: நெக் (இடக்கையால பிடிக்கிற கழுத்துப் பகுதி). அஃபினிட்டியில பின்பக்கம் சாட்டின், அதாவது மினுக்கம் குறைஞ்ச பூச்சு, கை வழுக்கிக்கொண்டு போகும். கிளாசிக் வைப்பில பளபளப்பான பூச்சு. வேர்வைக் கையெண்டால் ஒட்டும். எனக்கு முதல் மூண்டு மாசம் எரிச்சலாய்க் கிடந்தது. ஃப்ரெட்டும் (நெக்கில குறுக்கால இருக்கிற உலோகக் கட்டை) அதில ஒடுங்கலாய், உயரமாய் இருக்கும். கையில பிடிச்சுப் பாக்காமல் முடிவெடுக்காதேங்கோ.

மணல்மேடு79
மன்னிக்கணும், ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். பொண்ணு ஒன்பதாவது படிக்கறா. ரெண்டு வருஷமா அக்கூஸ்டிக் கிளாஸ் போறா. ஸ்கூல் பேண்டுல எலக்ட்ரிக் வாசிக்கச் சொல்லியிருக்காங்க.

ஆறுகம்பி
உங்க பொண்ணுக்கா?!

மணல்மேடு79
ஆமா. சொல்லலையா? எனக்கு 46 வயசு, எனக்கு எதுக்குங்க கிடார்.

பழைய_பிக்
தம்பின்னு கூப்பிட்டுட்டேன், பொறுத்துக்கணும். ஆனா முதல் வரியிலயே எழுத வேண்டிய விஷயத்தைப் பதினஞ்சாவது பதிவுல எழுதறீங்க சார்.

ஈயப்பொடி
அப்போ அஃபினிட்டிதான், சந்தேகமே இல்ல. உடம்பு மெலிசு, எடை கம்மி, நின்னு வாசிச்சா தோள் வலிக்காது. ரெண்டுமே 25.5 இஞ்ச் ஸ்கேல்தான் (அதிர்ற கம்பியோட நீளம்), அதுனால ஃப்ரெட் இடைவெளியில வித்தியாசம் இல்ல. அக்கூஸ்டிக் கம்பி அழுத்திப் பழகின விரலுக்கு 9 கேஜ் (மெல்லிசு) எலக்ட்ரிக் கம்பி பஞ்சு மாதிரி. முதல் வாரம் அதிகமா அழுத்தி சுருதி ஏறிப் போகும், பயப்பட வேண்டாம்.

எதை எடுத்தாலும் செட்டப் (கம்பி உயரம், சுருதி எல்லாம் சரி பண்றது) பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க. 17வது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி உயரம் 1.6 மில்லிமீட்டர் வாக்குல வரணும். 12வது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கும் (கம்பியை லேசாத் தொட்டு எழுப்பற ஸ்வரம்) அழுத்தின ஸ்வரமும் ஒண்ணா இருக்கான்னு ட்யூனர்ல பாருங்க. நெக் ஓரமா விரலை மேலயும் கீழயும் ஓட்டிப் பாருங்க, ஃப்ரெட் முனை கீறுதான்னு. ஏசி ரூம்ல மாசக்கணக்கா தொங்கினா பலகை காய்ஞ்சு சுருங்கி முனை வெளிய நீட்டிக்கும். அரைகுறை செட்டப்ல இருக்கற விலை ஒசந்த கிடாரைவிட சரியா செட் பண்ணின அஃபினிட்டி நல்லா வாசிக்கும்.

ஆறுகம்பி
பொண்ணை கூட்டிட்டுப் போங்க அண்ணே. ரெண்டையும் ஒரே ஆம்ப்ல, அதே வால்யூம்ல வாசிக்கச் சொல்லுங்க. நீங்க முதுகைத் திருப்பிட்டு நின்னு கேளுங்க. மரம் தெரியுதான்னு எனக்கும் சொல்லுங்க.

ஈயப்பொடி
விட மாட்டாரே.

*(நாலு நாள் கழிச்சு)*

மணல்மேடு79
அஃபினிட்டி எடுத்தாச்சு. நீல கலர் அதுலதான் இருந்துச்சாம், கடைக்குள்ள போன உடனே அவ முடிவு பண்ணிட்டா. சின்ன ஆம்ப் ஒண்ணும் எடுத்தோம். முதுகைத் திருப்பிக் கேட்டேன், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு, அவளுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதாம். எல்லாருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம். வாசிக்கும்போது கிர்ர்னு ஒரு சத்தம் வருது. என்னவா இருக்கும்?

வல்வை_தந்தி
எந்தக் கம்பியில? எத்தினையாம் ஃப்ரெட்டில? ஆம்ப் போட்டால் மட்டுமோ, போடாமலுமோ?