புதுப்பிப்பு: கிராம்பு எண்ணெயும் கோரையும்

கடைக் களைக்கொல்லிக்குப் பதிலாகக் கிராம்பு எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து வரப்பில் தெளிக்கப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

இரண்டு இலை விட்டிருந்த குப்பைமேனியும் சாரணையும் மாலைக்குள் வெந்த கீரைபோலச் சுருண்டுவிட்டன. கோரைக்கு நுனி மட்டும் கருகியது. இப்போது நடுக்குருத்து பச்சையாக எழுந்து நிற்கிறது. எதிர்பார்த்ததுதான். எண்ணெயில் உள்ள யூஜெனால் பட்ட இடத்தில் செல் சவ்வை உடைக்கும், கிழங்குக்கு இறங்காது. (வரப்பெங்கும் பிரியாணி வாசனை அடித்தது தனிக்கதை.)

உள்ளே ஊடுருவும் தாவரச் சரக்கே கிடையாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1977இல் கலிபோர்னியாவில், பாட்டில்பிரஷ் மரத்தடியில் களை குறைவாக இருப்பதை ஆய்வாளர் ஒருவர் கவனித்தார். காரணம், அந்த மரத்தில் உள்ள லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள். அதன் அமைப்பை ஒட்டி ஆலையில் செய்யப்படுவதுதான் மீசோட்ரையோன் என்ற களைக்கொல்லி. பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் கரோட்டினாய்டு நிறமிகளின் உற்பத்தி தடைபட்டு, களையின் இலை வெளுத்துச் சாகும். மக்காச்சோளம் அதைச் சிதைத்துத் தப்பிவிடும். ஆனால் இதை இயற்கை மருந்து என்று யாராவது விற்க வந்தால் நான் வாங்கமாட்டேன்.

கோரைக்கு இப்போதைக்குக் களைக்கொத்துதான், கிழங்கோடு தோண்டிக்கொண்டிருக்கிறேன்.