வில்டர்னெஸ் ரோடு வழியாகக் கென்டக்கிக்கு வந்த முன்னோர்: 1810-க்கு முன்னே தேடுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தவர். எங்கள் மகளுக்காக அவருடைய தாய்வழிக் குடும்ப வரலாற்றை எழுதிவைக்க விரும்பி, இரண்டு ஆண்டுகளாக ஆவணங்களைத் தேடி வருகிறேன். குடும்பப்பெயர் மில்லர். 1850-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், லிங்கன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது), 71 வயதுள்ள விவசாயியாக அவர்களின் முன்னோர் ஒருவர் பதிவாகியிருக்கிறார். பிறந்த இடம் வர்ஜீனியா என்று மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கி, குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதிய பழைய பட்டியல்களில் 1810 வரை அவரைத் தொடர்ந்துவிட்டேன். கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புப் பட்டியல்கள் அழிந்துவிட்டதால் அதற்கு மேல் வழி தெரியவில்லை. "டேனியல் பூனோடு கம்பர்லாந்து கணவாயைக் கடந்து வந்தவர்கள் நாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். டேனியல் பூன், அப்பலாச்சியன் மலைகளிடையே உள்ள அந்தக் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை திறந்த முன்னோடி. இதை எப்படிச் சரிபார்ப்பது? வர்ஜீனியாவில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதை அறிய வழி உண்டா?

முதல் மறுமொழி

வணக்கம் அம்மா. பெரியவர்கள் சொன்னதை இப்போதைக்கு ஒரு தாளில் எழுதித் தனியே வைத்துவிடுங்கள். 1775 மார்ச்சில் பூனோடு மரம் வெட்டி வழி திறக்கச் சென்றவர்கள் ஏறக்குறைய முப்பது பேர்தான். வில்டர்னெஸ் ரோடு எனப்படும், அவர் திறந்த அந்த வழியில் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் வந்தவர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். உங்கள் முன்னோர் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவராக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

கணக்கெடுப்பு இல்லாத ஆண்டுகளுக்கு வரிப்பட்டியல்கள் இருக்கின்றன. வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் நிலத்துக்கும் உடைமைகளுக்கும் வரி விதித்துப் பட்டியல் எழுதினார்கள். 1792-இல் தனி மாநிலமான பிறகு கென்டக்கியும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தது. 21 வயது நிறைந்த வெள்ளை ஆண்களின் பெயர்கள் அவற்றில் வரும். 16 முதல் 21 வயது வரை உள்ளவர்கள் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். உங்கள் முன்னோர் 1779 வாக்கில் பிறந்திருந்தால், 1800-ஐ ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் முதன்முறையாகத் தோன்ற வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்த மில்லரின் வீட்டில் 16 வயதைக் கடந்த ஒரு பையன் கணக்கில் இருந்தான் என்று பாருங்கள். அவர் தந்தையாக இருக்கக்கூடும். கென்டக்கிப் பட்டியல்களில் நிலம் எந்த ஓடையின் கரையில் உள்ளது, யார் பெயரில் பதிந்து அளக்கப்பட்டது என்பதற்கும் பத்திகள் உண்டு. மில்லர் போன்ற பொதுப்பெயர் உள்ளவர்களை வேறுபடுத்திக் காண ஓடையின் பெயரைவிடச் சிறந்த துணை இல்லை.

இன்னொன்று: லிங்கன் கவுண்டி 1780-இல் உருவானபோது மிகப் பெரியது. பின்னர் மேடிசன், மெர்சர், கேசி முதலிய கவுண்டிகள் அதிலிருந்து பிரிந்தன. ஒரே வீட்டில் இருந்தவர்களின் ஆவணங்கள் இரண்டு மூன்று கவுண்டிகளில் சிதறிக் கிடக்கலாம். 1792 வரை கென்டக்கியே வர்ஜீனியாவின் பகுதி என்பதால், 'வர்ஜீனியா' என்ற அந்த ஒற்றைச் சொல்லையும் எச்சரிக்கையோடு படியுங்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே நண்பர் கூறியதோடு உடன்படுகிறேன். சாலையைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். 1796 வரை அந்த வழியில் வண்டி போகாது. பொதிக்குதிரைகளோடு நடந்துதான் வந்தார்கள். தாக்குதலுக்கு அஞ்சி, ஹோல்ஸ்டன் ஆற்றுப் பகுதியில் பலர் கூடும்வரை காத்திருந்து கூட்டமாகப் புறப்பட்டார்கள். செரோக்கி, ஷானி என்னும் பூர்வகுடி மக்களின் வேட்டை நிலத்துக்குள் குடியேறிகள் நுழைந்தார்கள் என்பதையும், அந்த எதிர்ப்புக்கு அதுவே காரணம் என்பதையும் நீங்கள் எழுதும் வரலாற்றில் விட்டுவிட வேண்டாம். 1781-இல் லூயிஸ் கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர், வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா கவுண்டியிலிருந்து தம் சபையையே அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆகவே ஒரு குடும்பத்தை மட்டும் தேடாமல் அக்கம்பக்கத்தார் அனைவரையும் தேடுங்கள். திருமணப் பிணைப்பத்திரத்தில் (திருமணத்துக்கு முன் மணமகன் தரப்பில் எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம்) கையெழுத்திட்டவர், உயிலுக்குச் சாட்சி நின்றவர், அடுத்த நிலத்துக்காரர் ஆகிய மூவரும் பெரும்பாலும் பழைய ஊரிலும் அண்டைவீட்டாராகவே இருந்திருப்பார்கள். பொதுப்பெயர் இல்லாத அண்டைவீட்டுக்காரர் ஒருவர் கிடைத்தால், அவரைப் பின்தொடர்ந்து மில்லர்களின் ஊரை எட்டிவிடலாம்.

மில்லர் என்பது முன்பு 'முல்லர்' என்ற ஜெர்மானியப் பெயராக இருந்திருக்கலாம். ஜெர்மானியர் பலர் பிலடெல்பியாவில் இறங்கி, லங்காஸ்டர், யார்க் வழியாக வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்குள் கிரேட் வேகன் ரோட்டில் வந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளே பிறகு கணவாயைக் கடந்தார்கள். அப்படியானால் லூத்தரன், ரிஃபார்ம்டு சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், வந்திறங்கியவர்கள் அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்ததைப் பதிந்து 1727 முதல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட பட்டியல்களும் உதவும். ஆனால் வர்ஜீனியாவில் ஊர் உறுதியாவதற்கு முன் பிலடெல்பியாவுக்குத் தாவ வேண்டாம். அப்படித் தாவி, பெயர் ஒத்த வேறொரு குடும்பத்தின் பின்னால் நான் நான்கு ஆண்டுகள் அலைந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 1801 பட்டியலில் அவர் பெயர் கிடைத்துவிட்டது! அதே ஓடைக்கரையில் வயதில் மூத்தவராகத் தோன்றும் இன்னொரு மில்லரும் இருக்கிறார். அவருடைய பெயருக்கு எதிரே அடிமைகள் இருவர் என்று எண்ணிக்கை மட்டும் உள்ளது. அதைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. அந்த இருவரின் பெயர்களை அறிய முடியுமா? மேலும், அந்த மூத்தவர் அமெரிக்கப் புரட்சிப் போரில் பங்கேற்றிருந்தால் அதற்குத் தனி ஆவணம் உண்டா?

மூன்றாம் மறுமொழி

சகோதரி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வரிப்பட்டியலில் பெயர் இராது. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களிலும் வயது, பாலினம், நிறம் போன்றவையே பதிவாகின; பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஆனால் உரிமையாளர் இறந்தபோது எழுதிய உயிலிலும் சொத்து மதிப்பீட்டிலும் பெயர்கள் பெரும்பாலும் இருக்கும். மூத்த மில்லரின் பெயர் வரிப்பட்டியலிலிருந்து மறையும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அதை ஒட்டிய ஆண்டுகளின் உயில் பதிவேட்டைப் பாருங்கள். பெயர்கள் கிடைத்தால் பொதுவில் வெளியிடுங்கள். அவர்களுடைய சந்ததியார், விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு பதிவான முதல் கணக்கெடுப்பான 1870-க்கு முன்னே செல்ல அந்த ஒரு தாளையே தேடிக்கொண்டிருக்கலாம்.

போரைப் பொறுத்தவரை, அவர் 1832-இல் உயிரோடு இருந்தாரா என்பதே முக்கியம். அந்த ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வூதியம் கேட்ட முதியவர்களிடம், எங்கே எப்போது பிறந்தீர்கள், படையில் சேர்ந்தபோது எங்கே வசித்தீர்கள், போருக்குப் பின் எங்கெங்கே வாழ்ந்தீர்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டு எழுதினார்கள். அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவர் முன்பே இறந்திருந்தாலும், அதே ஓடைக்கரை அண்டைவீட்டாரின் வாக்குமூலங்களைப் படியுங்கள். உடன் வந்தவர்களின் பெயர்களைச் சிலர் அவற்றில் சொல்லியிருக்கிறார்கள்.

நிலத்துக்கு, கென்டக்கி மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் வர்ஜீனியாக் காலப் பட்டாக்களைத் தேடலாம். 1778 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்களுக்கு 400 ஏக்கர் தரும் சட்டம் 1779-இல் வந்தது. உரிமை கோரியவர்களை விசாரித்த ஆணையர்கள் அதே ஆண்டு அக்டோபரில் செயின்ட் அசாஃப் கோட்டையில்தான் அமர்வைத் தொடங்கினார்கள். அது உங்கள் லிங்கன் கவுண்டியின் தலைநகரான இன்றைய ஸ்டான்ஃபோர்டு. அந்தச் சான்றிதழ்களில் மில்லர் பெயர் இருந்தால், பெரியவர்கள் சொன்ன கதையில் பாதியாவது உண்மை. அங்கே இல்லாமல், பிற்காலத்தில் பிறரிடம் விலைக்கு வாங்கிய நிலமாக இருந்தால், விற்றவர் யார் என்பதைப் பத்திரத்தில் பார்த்து எழுதுங்கள். அங்கிருந்து சேர்ந்து தேடுவோம்.