2001 ஸ்ப்ளெண்டர்: சோக் போட்டா ஓடுது, சோக் எடுத்தா நின்னுடுது, போர் போயிடுச்சுங்கறாங்க, உண்மையா?

மன்னை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 2001 மாடல். அவருக்கு முட்டி வலி வந்ததுக்கு அப்புறம் யாரும் தொடல, மாட்டுக்கொட்டகை ஓரமா நாலு வருஷமா சாக்கு போத்தி நின்னுச்சு. லீவுல ஊருக்கு வந்தேன், சும்மா உதைச்சுப் பாக்கலாமேன்னு வெளிய தள்ளுனேன். டேங்க்ல இருந்த பெட்ரோலை வடிச்சா டிக்காஷன் கலர்ல வருது, வார்னிஷ் மாதிரி நாத்தம். புதுசா ரெண்டு லிட்டர் ஊத்தி, பிளக் மாத்தி, ஒரு முப்பது நாப்பது உதைக்கு அப்புறம் ஸ்டார்ட் ஆயிடுச்சு, திண்ணையில உக்காந்திருந்த அப்பா அங்கேர்ந்தே "சோக்கை பாதி எடுடா"ன்னு சத்தம் போட்டாரு. பாதி எடுத்தேன், நின்னுடுச்சு. அதுதான் பிரச்சனையே. ஃபுல் சோக்ல, அதாவது காத்தை அடைக்கிற லிவரை முழுசா போட்டா, நல்லா ஓடுது, எடுத்தா ரெண்டு செகண்ட்ல புஸ்ஸுனு அணைஞ்சிடுது. கையில ரேஸ் பிடிச்சுக்கிட்டே இருந்தா திக்கித் திக்கி ஓடும், விட்டா காலி. முதல் நாள் சைலன்சர்ல நீலமா புகை, தெருவே மறைஞ்சுது. எங்க ஊர் மெக்கானிக் ஒருத்தர் பாத்துட்டு, போர் போயிடுச்சு, அதாவது சிலிண்டர் உள்பக்கம் தேஞ்சிடுச்சு, பிஸ்டன் ரிங் மாத்தி போர் அடிக்கணும், 9000 ஆகும்னுட்டாரு. என்கிட்ட ஒரு ஸ்பேனர் செட்டும் பத்து நாள் லீவும் இருக்கு. இது வீட்லயே பாக்குற வேலையா? நிஜமாவே போர்தானா?

சும்மா_சுத்துறவன்:
பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்பரேட்டர் போயிருக்கும் ப்ரோ, ஆன்லைன்ல 700, 800 ரூவாய்க்கு புதுசே கெடைக்குது, கழட்டி எறிஞ்சிட்டு அதை மாட்டுங்க, முடிஞ்சுது கதை. இல்லன்னா வித்துட்டு பேட்டரி ஸ்கூட்டர் வாங்குங்க 😄

திண்டுக்கல்_பட்டறை:
தம்பி, மேல சொன்ன மாதிரி அவசரப்பட்டு எறிஞ்சிடாதீங்க. கம்பெனியில வந்த கார்ப்பரேட்டர் 25 வருஷமானாலும் சுத்தம் பண்ணுனா வேலை செய்யும். அந்த விலைக்கு வர்ற டூப்ளிகேட்ல பெட்ரோல் போற ஜெட் ஓட்டையே ஒண்ணுக்கொண்ணு சைஸ் சேராது, மாட்டிட்டு மைலேஜ் இல்ல, ரேஸ் குடுக்காம ஐடில்ல நிக்கலன்னு என் பட்டறைக்கு வந்தவங்க நெறைய பேரு.

போர் கதைக்கு வருவோம். எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, உதைக்கிறதுக்கு முன்னாடி பிளக் ஓட்டை வழியா ஆயில் ஏதாச்சும் விட்டீங்களா? ரெண்டு, இப்பவும் அந்த நீலப் புகை வருதா, இல்ல முதல் நாளோட நின்னுடுச்சா?

அப்புறம் ஒரு சோதனை, காசு செலவில்லாதது. பிளக்கை கழட்டுங்க, கழட்டுன பிளக்கை கேப்ல மாட்டி இன்ஜின் மேல படுற மாதிரி ஓட்டைய விட்டுத் தள்ளி வைங்க, சாவியை ஆஃப்ல போட்டுக்கங்க. ஒருத்தர் பிளக் ஓட்டையை கட்டைவிரலால நல்லா அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருத்தர் கிக்கரை உதைக்கட்டும். விரலை தள்ளிக்கிட்டு புஸ்ஸுனு காத்து வந்தா கம்ப்ரஷன், அதாவது உள்ள காத்தை அமுக்குற பலம், இருக்கு. விரலை சும்மா வெச்சிருந்தாலே தாங்குதுன்னா அப்ப போர் பத்தி பேசலாம். மீட்டர் மாதிரி துல்லியமா இருக்காதுதான், ஆனா செத்துப்போன இன்ஜினை காட்டிக் குடுத்துடும்.

மன்னை_தம்பி:
அண்ணே எப்படி கண்டுபிடிச்சீங்க 😳 ஒரு வீடியோல பாத்துட்டு, ரொம்ப நாள் நின்ன வண்டின்னு பிளக் ஓட்டைல ஆயில் விட்டேன். கொஞ்சம் இல்ல, கால் டம்ளர் இருக்கும். இப்ப புகை இல்ல, காலைல முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்ப லேசா வெள்ளையா வந்து போயிடுது. விரல் சோதனை பண்ணேன், சித்தப்பா பையன் உதைச்சான், விரலை பிச்சுக்கிட்டு அடிக்குது, பிடிக்கவே முடியல.

திண்டுக்கல்_பட்டறை:
ஹா ஹா. கால் டம்ளரா! ஒரு ஸ்பூன் போதும் தம்பி. நீங்க ஊத்துன ஆயில்தான் எரிஞ்சு புகையா வந்திருக்கு, மெக்கானிக் வந்த நேரம் அது இன்னும் சைலன்சருக்குள்ள மிச்சம் இருந்திருக்கும். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, நீங்க ஆயில் விட்டதை அவர்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்க.

நீலப் புகைக்கு ஒரு கணக்கு வெச்சுக்கங்க. ஓட ஓட, ரேஸ் குடுக்க குடுக்க வந்துக்கிட்டே இருந்தா ரிங், போர் பக்கம். ராத்திரி நின்னு காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் நீலமா வந்து நின்னா வால்வ் ஆயில் சீல், அது சின்ன செலவு. கறுப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தி. காலைல வெள்ளையா வந்து காணாம போறது தண்ணி ஆவி, அதை விடுங்க. இந்த இன்ஜின் 97.2 சிசி, போர் 50 எம்எம், ஆயில் மட்டும் ஒழுங்கா மாத்தியிருந்தா லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜின் மேல்பாகமான ஹெட்டையே கழட்டாத வண்டி என் கையிலயே வந்திருக்கு. அந்த காலத்துல இந்த கம்பெனி சிடி 100 பைக்குக்கு பெட்ரோலை ஊத்து, மூடு, மறந்துடுன்னு விளம்பரம் போட்டாங்க, நம்மாளுங்க ஆயில் மாத்துறதையும் சேத்து மறந்துட்டாங்க.

உங்க வியாதி ஸ்லோ ஜெட். ஐடில்ல நிக்கிறப்ப பெட்ரோல் அந்த சின்ன ஜெட் வழியாதான் வரும். நாலு வருஷம் பெட்ரோல் உள்ளயே காஞ்சு பசையா ஒட்டி அடைச்சிருக்கு. சோக் போட்டா காத்து வர்ற வழி மூடிக்குது, இன்ஜின் உறிஞ்சுற வேகத்துல மெயின் ஜெட்ல இருந்தே பெட்ரோலை இழுத்துடுது, அதனால ஓடுது. சோக்கை எடுத்தா காத்து மட்டும் போகுது, பெட்ரோல் இல்ல, அணையுது. ரேஸ் பிடிச்சா ஓடுறதும் அதனாலதான். கார்ப்பரேட்டர் இன்ஜினோட சேர்ற இடத்துல ஓரிங்னு ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது காஞ்சு வெடிச்சு காத்து இழுத்தாலும் இதே மாதிரி பண்ணும், கழட்டுறப்ப அதையும் மாத்திடுங்க.

ஈரோட்டுக்காரி:
நான் மெக்கானிக் இல்லீங்க, ஆனா எங்கப்பாரு ஸ்ப்ளெண்டரை மூணு வருசமா நானேதான் பாத்துக்கறேன், கார்ப்பரேட்டர் மட்டும் நாலு தடவை கழட்டியிருப்பேன், முதல் தடவை பண்ணுன கூத்தை சொல்றேன், நீங்க பண்ணாதீங்க.

கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் தேங்குற கப் அடியில இருக்குற ஸ்டார் ஸ்க்ரூவை சாதா ஸ்க்ரூ டிரைவர்ல திருகுனேனுங்க, தலை வழவழன்னு போயிடுச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுது, ஜப்பான் வண்டி ஸ்க்ரூவோட பள்ளமே கொஞ்சம் வேற அளவாம், நம்ம டிரைவர் மேல ஏறி வழுக்குது. ஜப்பான் அளவு டிரைவர் ஒண்ணு வாங்கிக்கங்க, இல்லைன்னா நல்லா அழுத்திப் பிடிச்சு, முதல்ல டிரைவர் பின்னாடி சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டிட்டு திருகுங்க. காத்து அளவை சரி பண்ற ஏர் ஸ்க்ரூவை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி உள்ளாற மெதுவா முட்டற வரைக்கும் எத்தனை சுத்து போகுதுன்னு எண்ணி எழுதி வெச்சுக்கணும். நான் எழுதல. ரெண்டு நாள் ட்யூனிங் பண்ணியே ஓஞ்சேன்.

ஜெட்டுக்குள்ள குண்டூசி, ஊக்கு, கிட்டார் கம்பி எதையும் விடாதீங்க. ஸ்லோ ஜெட் ஓட்டை அரை எம்எம் கூட இருக்காது, ஜெட்டு பித்தளை, இரும்பு பட்டா ஓட்டை பெருசாகி அப்புறம் பெட்ரோல் குடிக்கும். பழைய கரண்ட் ஒயரை சீவுனா உள்ளாற மயிர் மாதிரி செம்புக் கம்பி இருக்கும்ல, அதுல ஒரே ஒரு இழை போதும். ராத்திரி பூரா கார்ப்பரேட்டர் கிளீனர்ல ஊறப் போட்டுட்டு, காலைல அந்த இழையை விட்டு, பஞ்சர் கடையில போய் காத்து அடிச்சா தெளிவாயிடும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஊசி முனை மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம் தெரியணும். தெரியலைன்னா மாட்டாதீங்க, திரும்ப ஊறப் போடுங்க. காத்து அடிக்கறப்ப பெட்ரோல்ல மிதக்கற ஃப்ளோட்டையும் ரப்பரையும் கழட்டி வெச்சிடுங்க.

இன்னொண்ணு, டேங்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா? டிக்காஷன் கலர்னு சொல்றீங்களே, அதுல பாதி துருவா இருக்கும். கார்ப்பரேட்டரை மட்டும் சுத்தம் பண்ணிட்டு துரு டேங்கை அப்படியே மாட்டுனா ஒரு வாரத்துல திரும்ப அடைச்சுக்கும். பெட்ரோலை வடிச்சிட்டு டேங்க்ல வினிகர் ஊத்தி, கூடவே கழுவுன சின்ன ஜல்லி ஒரு கை போட்டு (எத்தனை போட்டீங்கன்னு எண்ணிக்கங்க, அத்தனையும் திரும்ப வெளிய வரணும்) ரெண்டு நாள் வெச்சு அப்பப்ப குலுக்குங்க. அப்புறம் சோடா உப்பு தண்ணியில அலசி, நல்ல தண்ணியில அலசி, வெயில்ல காய வெச்சு, உடனே ஒரு ஸ்பூன் ஆயில் கலந்த பெட்ரோலை ஊத்தி சுத்தவிடணும். காய வெச்சு சும்மா விட்டா மறுநாளே துரு கட்டிரும். இதெல்லாம் வெட்டவெளியில பண்ணுங்க, அடுப்படிப் பக்கம், விளக்குப் பக்கம் வேண்டாமுங்க.

மன்னை_தம்பி:
அப்டேட். டார்ச் அடிச்சுப் பாத்தேன், டேங்க் அடியில செம்மண் மாதிரி துரு. அக்கா சொன்ன மாதிரியே ரெண்டு நாள் வினிகர். ஜல்லி 31 போட்டேன், 30தான் வந்துச்சு, ஒண்ணுக்காக அரை மணி நேரம் டேங்கை தலைகீழா தூக்கி ஆட்டுனேன், பக்கத்து வீட்டு ஆயா பாத்துட்டு என்னடா சாமியாடுறன்னு கேட்டுச்சு 😅 கடைசில வந்துடுச்சு. கார்ப்பரேட்டர் கப்ல பச்சை கலர்ல பாசி மாதிரி இருந்துச்சு, ஸ்லோ ஜெட்ல வெளிச்சமே தெரியல, ரெண்டாவது தடவை ஊறப் போட்டதுக்கு அப்புறம்தான் பொட்டு தெரிஞ்சுது. ஓரிங், கப் ரப்பர், நீடில், புது பெட்ரோல் ட்யூப் எல்லாம் சேத்து 350 ஆச்சு. மாட்டி மூணாவது உதைல ஸ்டார்ட், அஞ்சு நிமிஷத்துல சோக் எடுத்தேன், நிக்கிது!!! ஐடில்லயே நிக்கிது. அப்பா சைலன்சர் பின்னாடி கையை வெச்சுப் பாத்துட்டு சரியா இருக்குன்னுட்டாரு.

ஆனா இப்ப ஹெட் பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம். இதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும், அணைஞ்சு அணைஞ்சு போனதுல கேக்கல போல. அப்புறம் கிளட்ச் கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கு, மேட்டுல ரேஸ் ஏறுது, வண்டி ஏறல. ஆயில் மட்டும் நான் மாத்திட்டேன், வீட்ல காருக்கு வாங்குனது மிச்சம் இருந்துச்சு, அதையே ஊத்திட்டேன்.

திண்டுக்கல்_பட்டறை:
கார் ஆயிலா! அதான் கிளட்ச் வழுக்குது. கார்ல கிளட்ச் தனியா காஞ்சு இருக்கும், நம்ம வண்டியில கிளட்ச் பிளேட்டே இன்ஜின் ஆயில்லதான் முங்கிக் கிடக்கும். கார் ஆயில்ல உராய்வைக் குறைக்க சேக்குற சமாச்சாரம் பிளேட்டை வழுக்க வெச்சுடும். உடனே வடிச்சிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஆயில் ஊத்துங்க, பழைய வண்டிக்கு 20டபிள்யூ-40 தாராளம். 900 மில்லி டப்பா வாங்குங்க, ஆனா முழுசா கவுத்தாதீங்க, கொஞ்சம் விட்டுட்டு குச்சியைப் பாத்துப் பாத்து ஊத்துங்க. குச்சியை மரை திருகாம சும்மா உள்ள விட்டு எடுத்துதான் அளவு பாக்கணும், திருகிப் பாத்தா கணக்கு தப்பும். நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுனா பிளேட் தெளிஞ்சிடும். அப்பவும் வழுக்குனா கிளட்ச் கேபிள்ல லூஸ் இருக்கான்னு பாத்துட்டு பிளேட்டைப் பாக்கலாம்.

டிக் டிக் சத்தம் டேப்பெட், வால்வைத் தட்டித் திறக்குற இடம். வண்டி முழுசா ஆறுனதுக்கு அப்புறம், காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க. இடது பக்க மூடியில ரெண்டு ஓட்டை மூடி இருக்கும், பெருசு வழியா கரண்டு உண்டாக்குற மேக்னெட் சக்கரத்தை சுத்தி, சின்ன ஓட்டையில டி கோடு நேரா வர்ற மாதிரி நிறுத்துங்க. அப்ப ரெண்டு டேப்பெட்டும் கையால ஆட்டுனா லேசா ஆடணும், ஆடலன்னா இன்னும் ஒரு சுத்து. ரெண்டுக்கும் 0.05 எம்எம் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு, லேசா பிடிச்சுக்கிட்டு வரணும். சத்தமே கேக்கக்கூடாதுன்னு டைட் வெச்சுடாதீங்க, வால்வ் முழுசா மூடாம கருகிப்போகும், காலைல ஸ்டார்ட்டிங் டிரபிளும் வரும். டேப்பெட் பேசுனா பேசட்டும் தம்பி, பேசாத டேப்பெட்டுதான் செலவு வெக்கும்.

ஆர்சி_ஆர்வலர்:
வேலையெல்லாம் சூப்பர், ஆனா ஒண்ணு மறந்துட்டீங்க. 2001 வண்டின்னா 15 வருஷம் 2016லயே முடிஞ்சிருக்கு. ஆர்சி புதுப்பிச்சிருக்கா? ஒரு தடவை புதுப்பிச்சா 5 வருஷம்தான், அப்ப 2021ல திரும்ப பண்ணியிருக்கணும், வண்டி நின்ன வருஷமே அதுதான். பைக் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 300ல இருந்து 1000 ஆச்சு, 2025ல 20 வருஷம் தாண்டுன பைக்குக்கு 2000னு ஏத்திட்டாங்க. பசுமை வரி தனி, இன்சூரன்ஸ் தனி. வண்டியை ஆர்டிஓ ஆபீஸ்ல கொண்டு போய் காட்டணும், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் எல்லாம் வேலை செய்யணும், சேசிஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியணும், துரு ஏறியிருந்தா உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க, நம்பர் மங்கிடும், மண்ணெண்ணெய் துணியால துடைங்க போதும். அதுவரைக்கும் ரோட்டுல ஓட்டாதீங்க.

மன்னை_தம்பி:
ஐயோ இதை யோசிக்கவே இல்ல. அப்பாகிட்ட கேட்டேன், ஒரு தடவை புதுப்பிச்ச ஞாபகம்னாரு, பெட்டியைத் தேடுனா 2016 பேப்பர் இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை ஆபீஸ் போறேன். பேட்டரி செத்துப்போச்சு, இண்டிகேட்டர் எரியல, ஹாரன் அடிக்கல. ஆனா பேட்டரி இல்லாம எப்படி ஸ்டார்ட் ஆகுது?

ஈரோட்டுக்காரி:
அந்த பழைய ஸ்ப்ளெண்டர்ல பிளக்குக்கு கரண்டு மேக்னெட்ல இருந்தே வருதுங்க, பேட்டரி இண்டிகேட்டருக்கும் ஹாரனுக்கும்தான். புது பேட்டரி போட்டுட்டே ஆர்டிஓ போங்க. திரும்ப வெளியூர் கெளம்பறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேப்பை மூடிட்டு, தானா அணையற வரைக்கும் ஓடவிட்டு, கார்ப்பரேட்டர் கப் அடியில இருக்கற ஸ்க்ரூவை லூஸ் பண்ணி மிச்சத்தையும் வடிச்சிடுங்க. இப்ப பங்க்ல ஊத்தறது 20 சதவீதம் எத்தனால் கலந்ததுங்க, சும்மா நின்னா ஈரத்தை இழுத்துக்கும், பழைய ரப்பரும் ஊறி உப்பிரும். அப்பாவால உதைக்க முடியலைன்னாலும் வாரத்துக்கு ஒருக்கா சித்தப்பா பையனை விட்டு உதைச்சு, பத்து நிமிசம் வெளிய தெருவுல ஓடவிடச் சொல்லுங்க. கொட்டகைக்குள்ள வெச்சு ஓடவிட வேண்டாம், மாடும் இருக்குது, புகையும் ஆகாது.

மன்னை_தம்பி:
சரிங்க அக்கா. ஆயில் மாத்திட்டேன், டேப்பெட் நாளைக்குக் காலைல. அந்த இடது பக்கப் பெரிய மூடி திருக வரவே மாட்டேங்குது, ஒரு ரூவா காசை வெச்சுத் திருகுனேன், காசுதான் வளைஞ்சுது.

திண்டுக்கல்_பட்டறை:
மூடி மேல இருக்குற பள்ளத்துக்குள்ள சரியா உக்கார்ற மாதிரி தடியான இரும்புப் பட்டையைத் தேடி எடுங்க, அதுக்கு முன்னாடி ராத்திரியே மூடி ஓரமா துருவை இளக்குற டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சு விட்டுடுங்க. சுத்தியலால மூடி மேல அடிச்சுடாதீங்க, அது அலுமினியம்.