மறு: படகுக் காப்புறுதியில் 'லே-அப்': ஓய்வா, கரையிருப்பா, கிடப்பா?

வணக்கம். படகுக் காப்புறுதிச் சொற்களுக்கு நாம் தமிழ்ப் பட்டியல் போடுகிறோமே, அதில் 'லே-அப்' (lay-up) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த இந்த யோசனைக்குப் பதில் இது:

> 'ஓய்வுக்காலம்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும்தான், ஆனால் வேறொன்றாக விளங்கும். படகு பென்சன் எடுத்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றுகிறது. 'குளிர்கால நிறுத்தம்' அதைவிட ஆபத்து. லே-அப் ஒரு பருவத்தின் பெயர் அல்ல. இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை படகை ஓட்டமாட்டேன் என்று சொந்தக்காரர் காப்புறுதிப் பத்திரத்தில் கொடுக்கும் வாக்கு அது. அதற்காகத்தான் கட்டணத்தைக் குறைக்கிறார்கள்.

போன கிழமை ஒன்ராறியோவில் இருக்கும் மச்சானுக்கு அவருடைய பத்திரத்தை வாசித்துச் சொல்ல வேண்டி வந்தது. 19 அடிப் படகு. ஒக்டோபரிலேயே எஞ்சினில் இருந்த தண்ணீரை வடித்து, உறையாமல் இருக்க அந்த ரோஸ் நிறத் திரவத்தை ஊற்றி, வெள்ளைப் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி டிரெய்லரில் ஏற்றிவிட்டார். பத்திரத்தில் லே-அப் மே 1 வரை. "பனி போய்விட்டால் ஏப்ரலிலேயே ஏரியில் இறக்கலாம்தானே?" என்கிறார். இறக்கலாம். ஏதாவது நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். 'குளிர்கால நிறுத்தம்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் மனிதர் இறக்கியே இருப்பார்.

நான் முன்பு சொன்ன 'கரையிருப்பு' என்பதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சிலர் குளிர்காலத்திலும் படகைத் துறையிலேயே கட்டி வைக்கிறார்கள். சுற்றிலும் பனிக்கட்டி பிடிக்காதபடி அடியிலிருந்து குமிழி விடும் கருவி ஓடிக்கொண்டிருக்கும். காப்புறுதிக்காரர்களும் கரையிலா தண்ணீரிலா என்று தனியாகக் கேட்கிறார்கள். 'தண்ணீரில் கரையிருப்பு' என்று எழுத முடியுமா?

ஆகவே, 'கிடப்பு'. ஊரில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் வள்ளத்தை மேலே இழுத்துவிடுவார்கள். யாராவது கேட்டால் "வள்ளம் கரையிலதான் கிடக்கு" என்பார்கள். அந்தக் கிடத்தல்தான் இது. கிடப்புக்காலம், கரைக்கிடப்பு, நீர்க்கிடப்பு என்று பிரித்துக்கொள்ளவும் வசதி. கிடப்பில் போட்ட கோப்பு நினைவுக்கு வருமே என்று நீங்கள் சொல்வீர்கள். வரட்டும். கோப்பையும் யாரும் தொடுவதில்லை, படகையும் தொடக்கூடாது.

அப்புறம், பட்டியலில் லைசென்சுக்கு 'உரிமம்' என்று போட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு வழக்கு, தெரியும். ஆனால் கனடாவில் இந்தச் சொல் ஆளைக் கவிழ்த்துவிடும். அங்கே 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகுக்கு லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் இலக்கத்தை அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இரண்டு பக்கமும் குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் போட வேண்டும். ஆனால் படகு உங்களுடையது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. உரித்தை நிறுவுவது பதிவு, அது வேறு வேலை. 'உரிமம்' என்ற சொல்லுக்குள் உரிமை ஒளிந்திருப்பதால் வாசிப்பவர் தலைகீழாக விளங்கிக்கொள்வார். இலங்கை வழக்கில் உள்ள 'அனுமதிப்பத்திரம்' நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

'உல்லாசப் படகு' எனக்குச் சரி. நேற்று ஒருவர் எழுதிய 'இன்பப் படகு' மட்டும் வேண்டாம் ஐயா, தங்கச்சி பத்திரத்தைப் பார்த்தால் மச்சானுக்கு அன்றைக்குச் சோறு கிடைக்காது.