புதுப்பிப்பு: சுங்குடிக் கடைப் படங்களின் ஆல்ட் டெக்ஸ்ட்

மதுரையில் அக்கா நடத்தும் சுங்குடிக் கடையின் இணையதளப் படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தில் இருப்பதைச் சொல்லும், பக்கத்தின் நிரலில் எழுதும் சிறு விவரிப்பு) எப்படி எழுதுவது, கூகுளில் முன்னால் வர அது உதவுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? எழுதி முடித்துவிட்டோம்.

தளம் செய்தவர்கள் எல்லாப் படத்துக்கும் "மதுரை சுங்குடி, சுங்குடி விலை, காட்டன் சேலை" என்றே திணித்திருந்தார்கள். கூகுளே வேண்டாம் என்று சொல்லும் வேலை இது. இப்போது "அரக்கு நிறப் பருத்திச் சேலை, உடலெங்கும் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கரை". பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் என்விடிஏ என்ற, திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளில் கேட்டுவிட்டு, "முந்தானை எப்படிம்மா இருக்கும்?" என்று அக்காவுக்குப் போன் செய்தார். அதையும் சேர்த்தோம். எனக்கு இதுதான் பெரிது.

அலங்காரக் கோடுகளுக்கு ஆல்ட்டைக் காலியாக விட்டோம். காலியாக விடலாம், ஆனால் நிரலிலிருந்து ஆல்ட்டையே அடியோடு எடுத்துவிடாதீர்கள்; எடுத்தால் சில ஸ்கிரீன் ரீடர்கள் படக் கோப்பின் பெயரை வாசிக்கும்.

அப்புறம், விலைப்பட்டியலும் படமாகவே கிடக்கிறது. அடுத்து அதை எழுத்தாக மாற்றவேண்டும்.